ஏலம் முடிந்த பிறகு "நீங்களே ரத்து கேளுங்கள்" என்றால்: இபேயின் ரத்து முறை வாங்குபவருக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது?

இணைய விற்பனைத் தளமான இபேயில் ஏலத்தில் வென்று பணமும் கட்டியாகிவிட்டது. மறுநாள் விற்பவரிடமிருந்து மெசேஜ் வருகிறது. பேக் செய்யும்போது உடைந்துவிட்டது என்பார் ஒருவர். வைத்த இடம் தெரியவில்லை என்பார் இன்னொருவர். வீட்டில் யாரோ எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றும் வரும். காரணம் எதுவானாலும் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: "உங்கள் பக்கத்திலிருந்து ரத்து கேட்டுவிடுங்கள், உடனே பணத்தைத் திருப்பிவிடுகிறேன்." கவனிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

ரத்து செய்ய அவருக்கு உங்கள் அனுமதி தேவையே இல்லை. விற்பனை முடிந்து 30 நாள் வரை, பணம் வந்துவிட்ட ஆர்டரையும் விற்பவரே ரத்து செய்ய இபே இடம் கொடுக்கிறது. முன்பு விற்பவர் கோரிக்கை அனுப்புவார், வாங்கியவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். அந்த முறை போய்விட்டது. ஆக, தானே அழுத்தக்கூடிய பொத்தானை ஒருவர் உங்களை அழுத்தச் சொல்கிறார் என்றால், பின்வாங்கியது நீங்கள் என்று பதிவாக வேண்டும் என்பதே காரணம்.

அந்தப் பதிவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ரத்து செய்யும் விற்பவர் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: பொருள் கையிருப்பில் இல்லை அல்லது சேதமடைந்தது, வாங்குபவர் ரத்து கேட்டார், வாங்குபவரின் முகவரியில் சிக்கல், பணம் வரவில்லை. முதல் காரணத்தைத் தேர்ந்தால் அது விற்பவர் கணக்கில் ஒரு குறையாக ஏறும். "வாங்குபவர் கேட்டார்" என்றால் ஏறாது. அமெரிக்கத் தளத்தில் இந்தக் குறைகள் மொத்த விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டினால் விற்பவரின் தரநிலை அடிமட்டத்துக்கு இறங்கும். உயர்தர விற்பவர் பட்டியலில் இருக்க வேண்டுமானால் 0.5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மூன்று மாதத்தில் 400 விற்பனை தாண்டியவர்களுக்கு அந்த மூன்று மாதக் கணக்கு. மற்றவர்களுக்கு 12 மாதக் கணக்கு.

உண்மையிலேயே பொருளை உடைத்துவிட்ட நேர்மையான விற்பவரை ஒரே ஒரு குறை கவிழ்த்துவிடாது. அதனால் "என் கணக்கே போய்விடும்" என்ற கெஞ்சலுக்கு இரங்கி உங்கள் பெயரில் ரத்து கேட்கத் தேவையில்லை. ஏலம் குறைந்த விலையில் முடிந்ததால் பொருளைத் தர மனமில்லாதவர்களும் இதே உடைந்த கதையைத்தான் சொல்கிறார்கள். விலை பற்றிப் பயம் இருந்தால் தொடக்க விலையை உயர்த்தி வைத்திருக்கலாம், ரிசர்வ் விலை (அதற்குக் கீழே விற்க வேண்டியதில்லை என்ற குறைந்தபட்ச விலை) போட்டிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் ஏலம் விட்டுவிட்டு, முடிவு பிடிக்காதபோது அந்தச் சுமையை வாங்கியவர் தலையில் வைப்பது நியாயமில்லை.

மெசேஜ் வந்ததும் அவசரப்பட்டு எதையும் அழுத்த வேண்டாம். முதலில் விற்பவரின் மற்ற பட்டியல்களைத் திறந்து பாருங்கள். அதே பொருள், அதே படங்களோடு, கூடுதல் விலையில் மீண்டும் ஏறியிருந்தால் பொருள் எண்ணோடும் தேதியோடும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் ஆர்டர் பக்கத்தையும், பட்டியலின் விவரணையையும் சேர்த்தே சேமியுங்கள். சேதம் என்று சொன்னால் படம் கேளுங்கள். சின்னக் கீறல் என்றால், விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாங்கவும் உங்களுக்குச் சம்மதமாக இருக்கலாம். உண்மையாகவே உடைந்திருந்தால் படம் அனுப்ப யாரும் தயங்குவதில்லை.

பதில் சுருக்கமாக இருக்கட்டும், இபே மெசேஜிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ பேசியது பிறகு இபேயின் கண்ணில் படாது. இப்படி எழுதினால் போதும்: "நான் ரத்து கேட்கவில்லை, பொருள் எனக்கு வேண்டும். அனுப்ப வழியில்லை என்றால், கையிருப்பில் இல்லை அல்லது சேதமடைந்தது என்ற காரணத்தைத் தேர்ந்து நீங்களே ரத்து செய்து, முழுத் தொகையையும் இந்த ஆர்டர் வழியாகவே திருப்பி அனுப்புங்கள்." கோபமும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். மோசமான ஃபீட்பேக் போடுவேன் என்று சொல்லி ஏதாவது கேட்டால் விதி மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். ஃபீட்பேக் போட 60 நாள் இருக்கிறது. பணம் கைக்கு வந்த பிறகு நடந்ததை நடந்தபடி எழுதலாம்.

ரத்து ஆனதும் ஆர்டர் விவரத்தைத் திறந்து காரணத்தைப் படியுங்கள். நீங்கள் கேட்காமலே "வாங்குபவர் கேட்டார்" என்று போட்டிருந்தால் இபே வாடிக்கையாளர் சேவையிடம் புகார் செய்யலாம். மேலே சொன்ன உங்கள் பதில் அங்கேதான் சான்றாக நிற்கும். முகவரியில் சிக்கல் என்று எழுதியிருந்தால், உங்கள் கணக்கில் முகவரி சரியாக இருப்பதைப் படமெடுத்து அதையும் சேருங்கள். இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான்: பின்வாங்குகிறவரே பின்வாங்கிய காரணத்தையும் எழுதுகிறார். வாங்கியவரிடம் "நீங்கள் கேட்டது உண்மையா?" என்று ஒரு கேள்வி கேட்டு, பதில் வந்த பிறகே காரணத்தைப் பதிவு செய்தால் பாதிப் பொய் அடங்கிவிடும்.

பணம் திரும்புவதில் இபேயைக் குறை சொல்ல அதிகம் இல்லை. ரத்து பதிவானதும், கட்டிய வழியிலேயே தொகை திரும்புகிறது, அனுப்பும் கட்டணமும் சேர்த்து. அட்டையில் தெரிய சில வேலை நாள் ஆகும். வேறு நாணயத்தில் வாங்கியிருந்தால் மட்டும், கட்டிய நாளுக்கும் திரும்பிய நாளுக்கும் இடையே மாற்று விகிதம் நகர்ந்திருக்கும். வங்கி பிடித்த வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் திரும்பாமல் போகலாம். தளத்துக்கு வெளியே பணம் அனுப்புகிறேன் என்றால் ஏற்காதீர்கள், ஆர்டர் திறந்தபடி நிற்கும், பாதுகாப்பு கைவிட்டுப் போகும்.

விற்பவர் அனுப்பவும் இல்லை, ரத்து செய்யவும் இல்லை என்றால்தான் பொறுமை சோதிக்கப்படும். டிராக்கிங் எண் ஏறியிருக்கும், ஆனால் லேபிள் அச்சானதைத் தாண்டி ஒரு அசைவும் இருக்காது. உத்தேச டெலிவரித் தேதியின் கடைசி நாள் கடந்ததும் "பொருள் வரவில்லை" என்று கோரிக்கை திறக்க வேண்டும். அந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திறந்தால்தான் பணத்தைத் திருப்பித் தரும் இபேயின் உத்தரவாதம் செல்லும். "அடுத்த வாரம் அனுப்புகிறேன்" என்று இழுப்பவர்கள் கரைப்பது இந்த 30 நாளைத்தான், ஆகவே தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கோரிக்கைக்குப் பதில் சொல்ல விற்பவருக்கு 3 வேலை நாள். அதற்குள் தீரவில்லை என்றால் இபேயைத் தலையிடச் சொல்லலாம். இந்த நேரத்தில் வங்கியிலும் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி வங்கியிடம் கேட்பது) போடாதீர்கள், அது தொடங்கினால் இபே தன் வழக்கை மூடிவிடும்.

பணத்துக்கு மேல், பொருளையே வாங்கித் தர இபேயால் முடியாது. அந்த உரிமை இருப்பது நீதிமன்றத்தில். 2007-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம், இபே ஏலத்தில் 1,50,000 ஆஸ்திரேலிய டாலருக்குப் போன ஒரு வின்டேஜ் வைராவே விமானத்தை வென்றவரிடமே ஒப்படைக்க உத்தரவிட்டது. ஜெர்மனியில் 1 யூரோவில் தொடங்கிய கார் ஏலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே விற்றவர், அப்போது முன்னணியில் இருந்தவருக்கு 5,249 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. விலையுயர்ந்த, வேறெங்கும் கிடைக்காத பொருளுக்கு இந்த வழி பொருந்தும். அப்படி ஒரு எண்ணம் இருந்தால் ரத்துக்குச் சம்மதம் என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல், பட்டியல் பக்கம் மறைவதற்குள் அதை முழுதாகச் சேமித்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.