எஸ்எஸ்டியா, ரேமா? லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஓர் அலசல்

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், “ரேமைக் கூட்டிவிடு” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பாதி நேரம் அது தவறான யோசனை. ரேம் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோளாறு வேறெங்கோ இருக்கும்போது 8 ஜிபியை 16 ஆக்கினால், விண்டோஸ் எழுந்து வர எடுக்கும் நேரம் ஒரு நொடிகூடக் குறையாது, அவ்வளவுதான். எந்தப் பாகம் உசத்தி என்று கேட்பதைவிட, நம் லேப்டாப்பில் வேலை எங்கே தேங்குகிறது என்று பார்ப்பதுதான் முதல் காரியம்.

அதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பக்கத்தை வைத்துக்கொண்டு, வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்யுங்கள். மெமரி (அதாவது ரேம்) பாதிதான் நிறைந்திருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் குற்றவாளி டிஸ்க். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, ஒரு டேபிலிருந்து இன்னொரு டேபுக்குப் போகும்போதெல்லாம் டிஸ்க்கும் துள்ளுகிறது என்றால் ரேம் பற்றவில்லை. இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கின் ஒரு பகுதியை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. இரண்டும் சும்மா இருக்க, சிபியு மட்டும் 100இல் நின்றால்? எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாமல் சிப்களில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்), ரேம் இரண்டுமே உதவாது. அதைப் பிறகு பார்ப்போம்.

அதே மெமரி பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இன்னும் இரண்டு தகவல்கள் இருக்கும். ரேம் மாட்டும் ஸ்லாட் மொத்தம் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பது ஒன்று. ஃபார்ம் ஃபேக்டர் என்பது மற்றொன்று. அங்கே ‘சோடிம்’ என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ரேம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே பாதி முடிவு இங்கேயே தெரிந்துவிடும். மாடல் பெயரோடு தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலையும் தேடிப் பார்த்துவிட்டால் மீதியும் தெரிந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க் இன்னும் இருக்கிறதா?

இருந்தால் மற்ற விவாதமே வேண்டாம், எஸ்எஸ்டிதான் முதலில். காரணம் எளிது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி சரியான தடத்துக்கு நகரும் நேரம் தனி. கூட்டிக் கழித்தால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை ஒரு நொடிக்கு நூறு முறைகூடப் படிக்க முடியாது. சுமாரான எஸ்எஸ்டிகூட இதையே பல்லாயிரம் முறை செய்யும். விண்டோஸ் பூட் ஆவது, பிரவுசர் திறப்பது, ஆன்டிவைரஸ் துழாவுவது எல்லாமே இப்படிச் சிதறிய ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிக்கும் வேலைதான். இதில் ரேமை எவ்வளவு கூட்டினாலும், தகவல் முதன்முறை ரேமுக்கு வந்து சேர ஹார்ட் டிஸ்க்கைத்தான் நம்ப வேண்டும்.

சரி, 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள லேப்டாப்பில் இப்போதைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்ற முடியும் என்றால்? அப்போதும் எஸ்எஸ்டி என்றே சொல்வேன். ரேம் பற்றாமல் விண்டோஸ் டிஸ்க்கை நாடும்போது, அந்த டிஸ்க் வேகமானதாக இருந்தால் தவிப்பு பெருமளவு குறையும். மறுபக்கம், 16 ஜிபி போட்டு ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டால் ஒவ்வொரு காலையும் பழைய காலையாகவே இருக்கும்.

சாட்டாவா, என்விஎம்இயா?

எஸ்எஸ்டி லேப்டாப்போடு பேசும் இரு வழிகள் இவை: சாட்டா பழையது, என்விஎம்இ புதியது. கடைக்காரர்களின் பேச்சு சூடு பிடிக்கும் இடம் இது. எண்களைப் பார்த்தால் போட்டியே இல்லை. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் படிக்கும். பிசிஐஇ என்ற வேகமான இணைப்பின் 3.0 பதிப்பில் ஓடும் என்விஎம்இ 3500 வரை போகும், 4.0 என்றால் 7000ஐத் தொடும். ஆனால் இவை எல்லாம் ஒரே பெரிய கோப்பை மூச்சுவிடாமல் படிக்கும்போது கிடைக்கும் வேகம். அன்றாட வேலையில் நடப்பதோ, ஒரு சின்னத் துண்டைக் கேட்டு, அது வந்த பிறகு அடுத்ததைக் கேட்பது. அங்கே பத்து மடங்கு வித்தியாசம் சுருங்கிப் போய்விடும். போதாதற்கு, வந்த தகவலைப் பிரித்து வேலை செய்ய சிபியுவும் நேரம் எடுத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வருபவருக்கு உலகமே மாறிவிடும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகிறவர் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டால்தான் கண்டுபிடிப்பார், பெரிய வீடியோ கோப்புகளைத் தினமும் நகர்த்துபவராக இருந்தாலொழிய.

ஆகவே 2.5 அங்குல டிஸ்க்குக்கான இடம் மட்டுமே உள்ள பழைய லேப்டாப் வைத்திருப்பவர் வருத்தப்பட ஒன்றும் இல்லை. என்விஎம்இ ஏற்கும் ஸ்லாட் இருந்தால் அதையே வாங்குங்கள்; சாட்டாவோடு விலையில் பெரிய இடைவெளி இருக்காது. ஆனால் 3.0 ஸ்லாட்டில் போடுவதற்கு 4.0 எஸ்எஸ்டியைக் கூடுதல் காசு கொடுத்து வாங்காதீர்கள். வேலை செய்யும், ஆனால் ஸ்லாட்டின் வேகத்தில்தான் ஓடும்.

பலர் இடறி விழுவது ‘எம்.2’ என்ற பெயரில். எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். தங்க நிறப் பற்கள் உள்ள ஓரத்தில் ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. சில பழைய லேப்டாப்களின் எம்.2 ஸ்லாட் சாட்டாவை மட்டுமே ஏற்கும். அதில் என்விஎம்இ ஸ்டிக் அழகாக உட்கார்ந்தாலும், லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் மென்பொருளுக்குத் தெரியாது. நீளத்தையும் கவனியுங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 ஆகியவை அதைவிடக் குட்டை. மெல்லிய லேப்டாப்களில் இரு பக்கமும் சிப் உள்ள ஸ்டிக் உயரம் இடித்து உட்காராமல் போவதும் உண்டு.

டிவிடி டிரைவ் இருக்கும் லேப்டாப்பில் ஒரு நல்ல வசதி: அதைக் கழற்றிவிட்டு கேடி (டிஸ்க்கை வைத்து அந்த இடத்தில் செருகும் சட்டம்) ஒன்றை வாங்கிப் பொருத்தினால் இரண்டாவது டிஸ்க்குக்கு இடம் கிடைக்கும். எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலும், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேடியிலும் வையுங்கள். டிவிடி டிரைவுக்கான இணைப்பு சில மாடல்களில் பாதி வேகம்தான் தரும். கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமனில் வருகிறது, அளந்து வாங்குங்கள்.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே நகலெடுப்பதா (குளோன்), புதிதாக விண்டோஸ் போடுவதா? வேலைக்கான மென்பொருள்களை மறுபடி நிறுவுவது பெரிய தலைவலி என்றால் குளோன். மற்றவர்களுக்குப் புதிதாகப் போடுவதே மேல், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பை கழியும். எதுவானாலும் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, ரெகவரி கீயை வேறிடத்தில் எழுதி வைத்த பிறகே தொடங்குங்கள்.

ரேம்: எவ்வளவு, எத்தனை?

எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது, மெமரி நிரம்பி வழிகிறது என்பவர்களுக்கு இப்போது ரேம்தான் சரியான மருந்து. 8இலிருந்து 16க்குப் போவதை, பிரவுசரையும் ஆஃபீஸையும் வீடியோ அழைப்பையும் ஒன்றாக வைத்திருக்கும் எவரும் உணர்வார். 16இலிருந்து 32 என்பது வீடியோ எடிட்டிங், வர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது) போன்ற வேலை உள்ளவர்களுக்கு. காலியாகக் கிடக்கும் ரேம் எந்த வேகமும் தராது.

ஒரே 16 ஜிபி ரேம் குச்சியா, 8 ஜிபி குச்சி இரண்டா என்ற கேள்விக்கு, கிராபிக்ஸ் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தே பதில் சொல்ல முடியும். தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு குச்சி போட்டால் இரு வழியாகத் தகவல் போய்வரும். கேம்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வேர்டும் பிரவுசரும்தான் வேலை என்றால் ஒரே குச்சி போட்டு, மற்ற ஸ்லாட்டைப் பின்னாளுக்கு விட்டுவைப்பது தவறில்லை. வேகம் வேறான இரண்டு குச்சிகளைச் சேர்த்தால் மெதுவானதன் வேகத்துக்கே இரண்டும் இறங்கிவிடும். 4ம் 8ம் கலந்து போடலாமா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் ஓடும். முதல் 8 ஜிபி இரு வழியிலும் மிச்சம் 4 ஒரு வழியிலும் இயங்கும்.

ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் இடத்தில் ஒன்று போகாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அதனால் அங்கே தவறு நடக்க வாய்ப்பு குறைவு. தவறு நடப்பது டிடிஆர்3லும் டிடிஆர்3எல்லிலும்தான். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. வெட்டு ஒரே இடம், பார்வைக்கு இரட்டைப் பிறவி. 1.35 மட்டுமே தரும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் குச்சியைப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும்.

மாட்டுவது சில நிமிட வேலை. முதலில் உள்ளே பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். குச்சியைச் சுமார் 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளி, தங்கப் பற்கள் கிட்டத்தட்ட மறைந்ததும் கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்ளும். பற்கள் நன்றாகத் தெரிகிறபோதே அழுத்திவிடுவதுதான் ‘புது ரேம் வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம். டிடிஆர்5 என்றால் முதல் முறை ஆன் செய்யும்போது திரை ஒரு நிமிடத்துக்கு மேலும் இருட்டாக இருக்கலாம். புது ரேமை அது பழகிக்கொள்கிறது. பயந்து பவர் பட்டனை அழுத்தாமல் காத்திருங்கள்.

சிபியுதான் குற்றவாளி என்றால்

இன்டெலின் லேப்டாப் சிபியுக்கள் 2013இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறைக்குப் பிறகு, அபூர்வமான சில மாடல்களைத் தவிர, போர்டிலேயே பற்றவைத்து வருகின்றன. மாற்ற முடியாது. ஆனால் முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள்: சூடு. வெப்பம் 95, 100 டிகிரியை நெருங்கும்போது சிபியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்விசிறியில் தூசி அடைத்து, சிபியுவின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போன லேப்டாப்பைச் சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைத்தால், இழந்த வேகம் திரும்பிவிடும். இந்த அலசலில் வருகிற எல்லாவற்றிலும் செலவு குறைந்தது இதுதான், யாரும் செய்யாததும் இதுதான்.

வைஃபை கார்டும் பேட்டரியும் வேறு வகைப் புகார்களுக்கு. இணையம் மட்டும் மெதுவாக இருந்து, கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும் பழைய வகை என்றால் கார்டை மாற்றுவது நல்ல பலன் தரும். இன்டெலின் ஏஎக்ஸ்201 என்ற வைஃபை கார்டு எல்லாப் போர்டிலும் ஓடாது, ஏஎக்ஸ்210 சாதாரண பிசிஐஇ கார்டு, அதனால் பெரும்பாலும் ஓடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பேட்டரி மாற்றினால் வேகம் வராது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம்; அப்போது மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதைக் கழற்ற வேண்டும்.

இவ்வளவு செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த சிபியு வேண்டும். ஏழாம் தலைமுறை லேப்டாப்பில் எஸ்எஸ்டியும் 16 ஜிபியும் போட்டுப் பறக்க வைக்கலாம், ஆனால் அந்தச் சுவர் அப்படியே நிற்கும். லினக்ஸுக்கு மாறத் தயாராக இருப்பவருக்குச் சுவரே இல்லை.

இப்படிப்பட்ட லேப்டாப்பில் எஸ்எஸ்டிக்குக் காசு போடுவேன், ரேமுக்குப் போட மாட்டேன். நாளை லேப்டாப்பே போனாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டால் வெளி டிஸ்க் ஆகிவிடும். புது லேப்டாப்பில் பொருந்தும் ஸ்லாட் இருந்தால் அங்கேயும் போகும். டிடிஆர்3 குச்சிக்கு அந்த லேப்டாப்பை விட்டால் போக்கிடம் கிடையாது. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த, ரேம் ஸ்லாட் உள்ள லேப்டாப் என்றால் கணக்கு வேறு: இரண்டையும் மாற்றிவிட்டுப் புதுசை மறந்துவிடலாம். ரேம் பற்றவைத்த மெல்லிய மாடலைப் புதிதாக வாங்கப் போகிறவர்கள் மட்டும், 8 ஜிபி போதும் என்று கடையில் சொல்வதைக் கேட்காமல் 16க்குக் குறையாமல் எடுங்கள். அதில் பின்னால் கூட்ட வழியில்லை.