கோர் கல்லைத் தட்டிப் பார்க்கும் லீப் கருவி: பல வருஷம் புழங்கிய பிறகு

பேனாவை விடக் கொஞ்சம் தடித்த குழாய். கோர் மேல், அதாவது பூமியைத் துளைத்து எடுக்கும் உருளைக் கல் மேல், வைத்துப் பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு தட்டு, திரையில் ஒரு எண், அவ்வளவுதான். எண்ணெய்க் கிணற்றுக் கோர்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது பழகியது. அப்புறம் ஊருக்கு வந்து பாளையங்கோட்டையில் சின்னதாகக் கல் சோதனைக்கூடம் போட்டபோது முதலில் வாங்கியதும் இதைத்தான். குவாரிக்கார அண்ணாச்சி ஒருவர் பார்த்துவிட்டு, "இந்தக் குச்சியால தட்டியா கல்லுக்கு மார்க் போடுதிய?" என்று சிரித்தார். நியாயமான கேள்விதான்.

உள்ளே 3 மி.மீ. டங்ஸ்டன் கார்பைடு குண்டு. அது கல்லில் பட்டுத் திரும்பும் வேகத்தை மோதிய வேகத்தால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் வருவது லீப் எண், கல் எவ்வளவு கெட்டி என்பதற்கான அளவு. என்னிடம் உள்ள மாதிரி டி வகைக் கருவியின் மோதல் ஆற்றல் 11 நியூட்டன் மில்லிமீட்டர். இதே மாதிரி தட்டித் திரும்புவதை அளக்கும் ஷ்மிட் சுத்தியலில் சின்னதான எல் வகைக்கே 735. பொலபொலவென்று இருக்கும் மணற்கல் கோரில் அந்தச் சுத்தியலால் அடித்தால் கோர் போச்சு. எண்ணெய்க் கோர் என்பது பல ஆயிரம் அடி ஆழத்திலிருந்து பெரும் செலவில் எடுத்து வருவது. அதை யாரும் சும்மா உடைக்க விடமாட்டார்கள். ஆனால் எண்ணெயோடு மணலும் சேர்ந்து வருமா, துளையிடும்போது கிணற்றுச் சுவர் சரியுமா என்று கணக்குப் போட பாறையின் வலிமை கட்டாயம் வேண்டும்.

நசுக்கிப் பார்க்கும் முறைக்கு விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத நீளத்தில் முழுத் துண்டு வேண்டும், இரு முனையையும் 0.02 மி.மீ. சமதளத்துக்குத் தேய்க்க வேண்டும், கடைசியில் கல் மிஞ்சாது. மென்மையான களிப்பாறையில் தண்ணீர் விட்டு அறுத்தாலே சில சமயம் பிளந்துவிடும். லீப் கருவிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கோர் நெடுக ஒரு கோடு போட்டுத் தட்டிக்கொண்டே போனால் எங்கே கெட்டி, எங்கே தளர்ச்சி என்று வரைபடமே வந்துவிடும். அதைப் பார்த்து எந்த இடத்தில் துண்டு வெட்டி நசுக்குவது என்று முடிவு செய்யலாம். எனக்கு இதன் முழு மதிப்பும் இதில்தான்.

லீப் எண்ணை நேரே மெகாபாஸ்கலாக, அதாவது வலிமை அளவாக, மாற்றச் சொல்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. சூத்திரங்கள் நிறையக் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஊர்ப் பாறையை வைத்துப் போட்டது. அதே பாறையில் நாலைந்து துண்டாவது நசுக்கி ஒப்பிடாமல் நான் ரிப்போர்ட்டில் வலிமை என்று எழுதுவதில்லை.

நம்ம பக்கத்தில் பட்டை பட்டையாக இருக்கும் 'நைஸ்' (gneiss) என்ற பாறையில் இன்னொரு வேடிக்கை. வெள்ளைக் குவார்ட்ஸ் பட்டையில் எண் எகிறும், விரலளவு தள்ளிக் கருப்பு மைக்கா பட்டையில் தொப்பென்று விழும், ஏனென்றால் குண்டு பார்ப்பது ஒன்றிரண்டு கனிம மணிகளைத்தான். அதனால் நிறையத் தட்டி இடைநிலை எண்ணை எடுக்க வேண்டும். விரிசல் பக்கத்தில் இருந்தால் 'டிக்' மாறி 'டொக்' என்று மங்கலாகக் கேட்கும், கொஞ்ச நாளில் காதே சொல்லிவிடும். விரிசல் தள்ளியிருந்தால் கருவிக்குத் தெரியாது. சீர்காழிப் பக்கம் மாதானத்தில் அடியிலுள்ள பழைய கடினப் பாறையிலேயே எண்ணெய் கிடைத்தது, அது தங்குவதும் விரிசல்களில்தான். அந்த மாதிரிப் பாறைக்கு இந்த எண் பாதிக் கதைதான்.

குறைகள் என்றால், கோரை மரமேசையில் வைத்துத் தட்டினால் கல் அசைந்து எண் குறையும், கோர் உருளாமல் உட்கார V வடிவப் பள்ளம் உள்ள கனமான இரும்புக் கட்டை (வி-பிளாக்) வேண்டும். ஒன்றரை அங்குலச் சின்னத் துண்டில் முழுக் கோரை விடக் குறைவாகவே காட்டும், இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். அறுவைத் தூசி குழாய்க்குள் போய் அடைத்தாலும் எண் இறங்கும், தினமும் பிரஷ் போட்டுவிட்டுக் கருவியோடு கூட வந்த, எண் முன்பே தெரிந்த சோதனைக் கட்டையில் தட்டிப் பார்த்துத்தான் வேலை தொடங்குவேன். சார்ஜ் முன்போல் நிற்பதில்லை. விற்ற கம்பெனிக்காரர் பேட்டரி மட்டும் தனியாகத் தரமாட்டாராம், முழு டிஸ்ப்ளேயையும் மாற்றச் சொல்கிறார், இன்னும் மாற்றவில்லை.

கோர் நிறைய வரும் இடத்துக்குத் தாராளமாக வாங்கலாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு பெட்டிதான் வரும் என்றால் அந்தக் காசுக்கு நல்ல கல் அறுக்கும் மெஷின் வாங்கிப் போடுங்கள்.