38,000 ரூபாய் போச்சு: கடைக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்து வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். பட்டறைக்குக் கட்டி வெள்ளி கொடுத்து, கொலுசாக வாங்கி, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறோம். எந்தப் பட்டறைக்கு எத்தனை கிராம் போனது, எத்தனை கிராம் திரும்பியது, என்ன டச் (வெள்ளியின் சுத்தம்), என்ன கூலி, இவ்வளவுதான் எங்கள் கணக்கு. இதைக் கம்ப்யூட்டரில் தேடி எடுக்கிற மாதிரி செய்து தர, ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் ஓர் ஆன்லைன் தளம் வழியாக ஒருவரை அமர்த்தினோம். தளத்தின் பெயரும் வேண்டாம், ஆளின் பெயரும் வேண்டாம். கொடுத்தது 38,000 ரூபாய். கடைசியில், இப்படி வேலை கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.

ஆள் பேச்சில் படு பணிவு. "இன்டர்நெட் இல்லாட்டியும் ஓடுங்கண்ணா, ஜாவா ஸ்விங்ல பண்றேன்" என்றார். ஜாவா மொழியில் கம்ப்யூட்டர் திரைகளைச் செய்ய உதவும் கருவித்தொகுப்பாம் அது. வீடியோ காலில் தன் திரையைக் காட்டினார். மேலே ஒரு தேடல் பெட்டி, கீழே அட்டவணை. அவர் "மு" என்று அடித்ததும் பாதி வரிகள் மறைந்தன. "முத்து" என்று முடித்ததும் முத்துக் கொலுசு மட்டும் நின்றது. அழித்ததும் எல்லாம் திரும்பி வந்தன. கம்ப்யூட்டர் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பா, எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்று, "இன்னொரு தடவ அடிக்கச் சொல்லுடா" என்றார். அந்த இடத்தில்தான் பேரம் முடிந்தது. ஃபைல் வந்தது, திறந்தது, தேடியது. தளத்தில் "வேலை முடிந்தது" பொத்தானை அழுத்தினோம், 38,000 ரூபாயும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் கோளாறு எடையில். எடைத் தலைப்பைச் சொடுக்கி, சின்ன எடை மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்தினால் 1250 கிராம் மேலே, அதற்குக் கீழே 340, அதற்கும் கீழே 85. அடுத்தது, தேடல் பெட்டியில் ஒரு அடைப்புக்குறியைத் திறந்தாலே தேடல் உறைந்துவிடும். எங்கள் டிசைன் பெயர்களில் பாதிக்கு மேல் அடைப்புக்குறி உண்டு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம்.

பனங்காட்டுப் பட்டறை ஒன்றின் பதிவு இரண்டு முறை ஏறியிருந்தது. பட்டறைப் பெயரை அடித்தேன், நான்கு வரி நின்றது. மூன்றாவதைத் தொட்டு "நீக்கு" அழுத்தினேன். வரி அசையவில்லை. திரும்ப அழுத்தினேன், அப்போதும் அசையவில்லை. சரி, இதுவும் ஒரு கோளாறு என்று விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் சிவதாபுரத்துப் பட்டறை அண்ணன் சரக்கோடு வந்து, "தம்பி, நான் 2 கிலோ கட்டி எடுத்துட்டுப் போயிருக்கேன், உங்க கணக்குல காணோமே" என்கிறார். அவர் துண்டுச் சீட்டில் எங்கள் கையெழுத்து இருக்கிறது, சாஃப்ட்வேரில் ஒன்றுமே இல்லை. அந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் 2 கிலோ வெள்ளி போயிருக்கும். அதன் விலைக்கு முன்னால் இந்த 38,000 எம்மாத்திரம்!

அக்கா மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவர் அனுப்பிய புரோகிராம் ஃபைலை (ஜார் ஃபைல்) பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, ஃபில்டர் போட்டா திரையில மூணாவதா இருக்கிறது உள்ளேயும் மூணாவதா இருக்காது. திரை எண்ணை உள் எண்ணா மாத்திக்கிட்டுத்தான் அழிக்கணும். இவர் மாத்தவே இல்ல." அதாவது, நான் ஒவ்வொரு முறை அழுத்தியபோதும் மொத்தப் பட்டியலின் மூன்றாவது பதிவு, யாரோ ஒருவருடைய கணக்கு, சத்தமில்லாமல் அழிந்திருக்கிறது. அந்த எண்ணை மாற்றுவதற்கு, ஸ்விங்கில் அட்டவணை காட்டும் ஜேடேபிளிலேயே கன்வர்ட்ரோஇண்டெக்ஸ்டுமாடல் என்று ஒரு மெத்தட் (தயார் கட்டளை) இருக்கிறதாம். ஒரே வரி வேலை. எடைப் பத்தியில் இருப்பது எண் என்று சொல்லாமல் விட்டால் எழுத்தாக நினைத்து முதல் எழுத்தை வைத்து வரிசைப்படுத்தும், 1 முதலில், பிறகு 3, பிறகு 8, அதனால்தான் 1250 மேலே வந்தது. தேடலுக்கு ரெகெக்ஸ் ஃபில்டர் போட்டிருக்கிறார், அதில் அடைப்புக்குறி போன்ற குறிகளுக்குத் தனி அர்த்தம் உண்டு; அவற்றைச் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொள்ளச் செய்யும் பேட்டர்ன்.குவோட் என்ற கட்டளையைப் போடாமல் விட்டதால் அடைப்புக்குறிக்கு உறைந்தது. வரிசைப்படுத்தும் டேபிள்ரோசார்ட்டரும் வரிகளை வடிகட்டும் ரோஃபில்டரும் 2006 இறுதியில் வெளியான ஜாவா 6-லேயே வந்துவிட்டன.

இதைச் சொல்லத்தான் அவரைக் கூப்பிட்டேன். முதலில் "உங்க சிஸ்டம் ஸ்லோங்கண்ணா, ரேம் போடுங்க". ரேமுக்கும் தப்பான வரி அழிவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "ஜாவாவே அப்படித்தான்". சோர்ஸ் கோடாவது (அவர் எழுதிய மூல நிரல்) கொடுங்கள், நாங்களே சரிசெய்துகொள்கிறோம் என்றால், "அதுக்குத் தனி சார்ஜ்". அப்புறம் போன் எடுப்பதே இல்லை. தளத்துக்கு எழுதினேன். வேலை முடிந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், பணம் கைமாறிவிட்டது, நாங்கள் தலையிட முடியாது என்று பதில். இன்னொரு முறை எழுதியதற்கு எழுத்து மாறாமல் அதே பதில். 38,000 ரூபாய்க்கு ஒரு மனிதன்கூடப் படித்துப் பதில் எழுத மாட்டானா?

சரி, சொல்கிறேன் என்றேனே. டெமோவை அவருடைய பத்து வரியில் பார்க்காதீர்கள், உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபில்டர் போட்ட நிலையில் ஒரு வரியை அழித்து, ஃபில்டரை எடுத்துவிட்டு எது போயிருக்கிறது என்று பாருங்கள். எடையை வரிசைப்படுத்திப் பாருங்கள். சோர்ஸ் கோட் கைக்கு வராமல் கடைசித் தவணையை விடாதீர்கள், பழைய நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். இன்னும் நிறைய இருக்கிறது, ஆனால் அழிந்த பதிவுகளைத் துண்டுச் சீட்டு வைத்து ஏற்றிக்கொண்டிருக்கிறோம், அப்பா கூப்பிடுகிறார்.