லெபோ பாசார் மாடியில் சட்ட வகுப்பு: 80 வெள்ளிக்குத் தகுமா?

வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாவான என்னிடம் கைதியின் தாயார் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, 302-ஐ 304-ஆக மாற்றுவார்களா?" என்பதுதான். 302 கொலைக்கான தண்டனைப் பிரிவு; 304 கொலையாகாத மரணம் விளைவித்ததற்கு, தண்டனை குறைவு. மழுப்பி மழுப்பிச் சலித்துப்போய்த்தான், இந்தியாவில் படித்துத் திரும்பிய ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் பினாங்கு லெபோ பாசார் பக்கம், கடைவீட்டு மாடியில் சனிக்கிழமைகளில் தமிழில் நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். தேநீர் உட்பட 80 வெள்ளி.

இங்கே இந்தியச் சட்டம் எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். 1860-இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தைத்தான் நீரிணைக் குடியேற்றங்கள் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) 1871-இல் தமக்கென எடுத்துக்கொண்டன. மரணம் விளைவிக்கும் குற்றம் 299, கொலை 300 என்ற பிரிவு எண்கள்கூட நம்மிடம் அப்படியே இருக்கின்றன.

ஐயா பிரிவுகளை ஒப்பிக்கவில்லை. மர அடிக்கோலை எடுத்து முன்வரிசை மாணவர் வயிற்றில் வைத்தார். 1958-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த விர்சா சிங் வழக்கு: ஈட்டியால் ஒரே குத்து. கொல்ல நினைத்தானா என்று தேட வேண்டியதில்லை. அந்தக் காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினானா, அது இயல்பாகவே உயிரைப் பறிக்கப் போதுமானதா என்று பார்த்தால் போதும், கொலைதான். கோலை எடுக்கும்வரை அந்த மாணவர் மூச்சே விடவில்லை.

அடுத்தது 1876-ஆம் ஆண்டின் கோவிந்தா வழக்கு. பதினெட்டு வயதுக் கணவன் பதினைந்து வயது மனைவியைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை வைத்து முகத்தில் குத்துகிறான்; மூளையில் இரத்தம் கசிந்து அவள் இறக்கிறாள். பம்பாய் நீதிபதிகளே கருத்து வேறுபட, மூன்றாமவரான மெல்வில் இது கொலையாகாத, மரணம் விளைவிக்கும் குற்றம் என்றார். சாவு நேரக்கூடும் என்பது 299. நேரவே பெரிதும் வாய்ப்பு என்பது 300. எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் கசக்கிறது. ஆனால் கோடு எங்கே விழுகிறது என்பது அதில்தான் விளங்கியது. ஓர் அடிக்கே செத்துப்போகக்கூடிய நோயாளி என்று தெரிந்தே, காயப்படுத்தும் எண்ணத்தோடு அடித்தால் கொலை, தெரியாமல் சாதாரணமாக ஓர் அடி அடித்தால் கொலையில்லை என்ற உதாரணம் சட்டத்திலேயே இருக்கிறதாம். பல வருடங்களாக அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டுகிறேன், கண்ணில் பட்டதில்லை.

குறைகளுக்கு வருகிறேன். மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற இந்தியக் கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்குக்கு ஒரு மாலை முழுவதும் போய்விட்டது. மனைவி சொன்னதைக் கேட்டபின் கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்து வந்தவருக்குத் திடீர்ச் சினம் என்ற விதிவிலக்கு செல்லாது. இதைச் சொல்லப் பத்து நிமிடம் போதும். கடற்படைக் கதை கேட்க நான் பணம் கட்டவில்லை.

குறிப்பேடுதான் பெரிய ஏமாற்றம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது; மரணம் விளைவிக்கும் குற்றம் 100, கொலை 101. ஏட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைவிட மோசம், மலேசியாவில் 302-க்குக் கட்டாயத் தூக்கு என்றே அச்சிட்டிருப்பது. 2023 ஜூலை முதல் தூக்கா, 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியுமா என்பதை நீதிபதிதான் முடிவு செய்கிறார். அந்தத் தாயாரிடம் இந்த ஏட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்?

சுட்டிக்காட்டியபோது ஐயா கோபப்படவில்லை. அடுத்த அச்சில் திருத்துவதாகச் சொன்னார். திருத்தும்வரை ஏட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, சட்டப் புத்தகத்தின் புதிய பதிப்போடு போங்கள். முன்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள்.