கோட்டு ஸ்டிக்கர் கழற்றும் ரப்பர் வீல்: வாங்கலாமா?

வாங்கலாம். ட்ரில்லில் பூட்டி, காரில் ஒட்டிய கோட்டு ஸ்டிக்கரை உரசி எடுக்கிற ரப்பர் வட்டம் இது. ஆனால் காரில் கம்பனிப் பெயின்ட் (தொழிற்சாலையில் அடித்தது) அப்படியே இருக்க வேண்டும், ஒட்டியிருப்பது உண்மையிலேயே ஸ்டிக்கராக இருக்க வேண்டும், அது வெயிலில் காய்ந்து தொட்டால் நொறுங்குகிற நிலைக்கு வந்திருக்க வேண்டும். இவ்வளவும் சரியென்றால் இதைவிட நல்ல சாமான் நான் பார்த்ததில்லை. ஒன்று குறைந்தாலும் வாங்குவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

என்னுடையது 1998ஆம் ஆண்டுக் கொரோலா 110, கரும்பச்சை. முன்பு வைத்திருந்தவர் இரண்டு பக்கமும், முன் மட்காட்டில் தொடங்கிப் பின் லைட் வரைக்கும், தங்கக் கலரில் இரட்டைக் கோடு ஒட்டியிருந்தார். அந்த நாளில் அது வடிவாகத்தான் இருந்திருக்கும். நான் வாங்கும்போது தங்கம் போய் மண்ணிறமாகி, குறுக்கே குறுக்கே வெடித்து, இடையிடையே துண்டு துண்டாகக் கழன்றிருந்தது. திருகோணமலை உப்புவெளியில் இருந்து நிலாவெளிக்கும் டவுனுக்கும் ஹயர் (வாடகைக்கு) ஓடுகிற கார் இது. நிழலில் நிற்பதைவிட வெயிலில் நிற்கிற நேரம்தான் கூட. எங்கள் ஊர்க் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனி ஆடியில் மத்தியானம் கதவுப் பிடியைத் தொட முடியாது. வைனல் ஸ்டிக்கர் வளைந்து கொடுப்பதற்காக அதற்குள் ஒரு மென்மையாக்கிப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். வருடக்கணக்காக வெயில் பட்டு அது வெளியேறிவிட்டால் ஸ்டிக்கர் அப்பளம்போல ஆகிவிடும். வீடியோக்களில் ஒரு முனையைப் பிடித்து முழுக் கோட்டையும் ஒரே இழுப்பில் உரித்தெடுக்கிறார்களே, அது இங்குள்ள பழைய கார்களில் நடப்பதில்லை. நகத்தளவு துண்டுதான் கையோடு வரும்.

ஒரு கோட்டுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள்தான், ஆனால் வரியோடு வருகிற விலை ஹயர் ஓடுகிறவனுக்கு எட்டாது. கையில் இருக்கிற காரைத்தான் இன்னும் பல வருடம் ஓட வேண்டும். அந்தக் காரில் கம்பனிப் பெயின்ட் போனால் போனதுதான். தொழிற்சாலையில் பெயின்ட்டை 140 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு எடுக்கிறார்கள். வெளியே திரும்ப அடிக்கும்போது, சூடேற்றுகிற அறை உள்ள நல்ல இடத்திலேயே 60 பாகை அளவுதான். சின்னக் கராஜ்களில் அதுவும் கிடையாது, காற்றில்தான் காயும்.

முதலில் ஒரு பெயின்ட் பாஸிடம் (பெயின்ட் அடிக்கிற மேஸ்திரியிடம்) கேட்டேன். “தம்பி, தின்னரைத் துணியில நனைச்சுத் தேய்ச்சா ஒரு நிமிசத்தில போயிடும், ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்?” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, ஸ்டிக்கர் போகும். சுட்டு எடுத்த கம்பனிப் பெயின்ட் தின்னரைக் கொஞ்ச நேரம் தாங்கும் என்பதும் சரி. ஆனால் இடையில் எப்போதாவது அடிபட்டு, ஒரு கதவுக்கு மட்டும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்திருந்தால்? அந்த வகைப் பெயின்ட் எத்தனை வருடம் காய்ந்திருந்தாலும் தின்னரில் திரும்பக் கரையும். அதன் குணமே அது. என் மச்சானின் சிவப்புக் காரில் எங்கேயோ ஒரு கராஜில் இப்படித் துடைத்து, துணி முழுக்கச் சிவப்பு வந்து, கதவில் கைவிரல் அகலத்துக்குப் பிரைமர் தெரிந்தது. கோடு இருந்த இடத்தில் இப்போது வேறொரு கோடு.

பழைய கார் என்றால் எந்தக் கதவு திரும்ப அடித்தது என்று வாங்கியவருக்குத் தெரியாது. கீல் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உள்ளே பழைய பெயின்ட் இருக்கும், வெளிப்பக்கம் மட்டும் அடித்திருப்பார்கள். அதே கதவின் கீழ் விளிம்பில், ஆள் குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில், நீங்கள் பாவிக்கப்போகிற எதையும் முதலில் பஞ்சில் தொட்டுப் பாருங்கள். ரப்பர் பீடிங் ஓரத்தில் பெயின்ட் தூறல் பட்டிருந்தால் அதுவும் ஓர் அடையாளம்.

அடுத்தது நகத்தால் பார்ப்பது. கோட்டுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டினால் ஸ்டிக்கரின் விளிம்பு தட்டுப்படும். ஒன்றும் தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது கிளியர் கோட்டுக்கு (நிறத்துக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத பூச்சுக்கு) கீழே இருக்கிற கோடு. அதை எந்த வீலாலும் எடுக்க முடியாது, எடுக்கப் பார்த்தால் கிளியர் கோட்தான் போகும். பிரஷால் கையால் இழுத்த பெயின்ட் கோடும் இந்த வீலுக்குரிய வேலை இல்லை.

வீலைத் தொடுவதற்கு முன் ஹெயார் டிரையரைப் பிடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் காரின் இடது பக்கம் மதிலோடு ஒட்டி நிற்கும், வெயில் குறைவு. அந்தப் பக்கம் பாதிக்கு மேல் டிரையரிலேயே வந்துவிட்டது. கைவைத்தால் சுடுகிறது, ஆனால் கையை எடுக்க வேண்டியதில்லை என்கிற சூடு போதும். முனையை நகத்தாலோ பழைய வங்கி அட்டையாலோ கிளப்பி, கோட்டை அதன் மேலேயே மடக்கிப் பின்பக்கமாக மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் ஸ்டிக்கர் வரும், பசை அப்படியே தங்கிவிடும். ஹீட் கன் வேண்டாம். அதன் வாயில் 500 பாகைக்கு மேலும் போகும், பெயின்ட் கொப்பளிக்க அதிக நேரம் எடுக்காது. பிளாஸ்டிக் பம்பரில் டிரையரையே தள்ளித்தான் பிடிக்க வேண்டும்.

வலது பக்கம்தான் வீலுக்கு வேலை. தம்பி கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து வாங்கிவந்தான், விலை இங்கே ஒரு கட் அண்ட் பொலிஷுக்கு (பெயின்ட்டின் மேல்படையைத் தேய்த்து மெருகேற்றுவதற்கு) கேட்பதைவிடக் குறைவு. கருப்பட்டி நிறத்தில் நாலு அங்குல ரப்பர் வட்டம், நடுவில் ட்ரில்லில் பூட்டுகிற தண்டு. அதன் முகத்தில் 4000 என்று அச்சிட்டிருக்கிறது. நிமிடத்துக்கு அதற்கு மேல் சுற்றக் கூடாது என்று அர்த்தம். சின்ன கிரைண்டர் 11,000 அளவில் சுற்றும், ஆகவே தயவுசெய்து அதில் பூட்டிவிடாதீர்கள். வீல் பிய்ந்து முகத்தில் அடிக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, கரண்டில் ஓடுகிற ட்ரில் நல்லது. பற்றரி ட்ரில்லில் ஒரு கதவு முடிவதற்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது.

வேலை செய்கிற விதம் எளிது. ரப்பர் உரசும்போது சூடு வரும், பசை இளகும், ஸ்டிக்கரும் பசையும் ரப்பர்த் தூளோடு உருண்டு வெளியே விழும். நன்றாகக் காய்ந்த பெயின்ட்டை விட ரப்பர் மென்மையானது, அதனால் பெயின்ட் நிற்கும். டிரையரில் எவ்வளவு நேரம் சுரண்டினாலும் பொடிப்பொடியாக வந்த முன் கதவுக் கோடு இதில் கண்ணுக்கு முன்னால் அழிந்துகொண்டு போனது. பசையும் சேர்ந்தே போனது என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. ட்ரில்லின் பாரமே போதும், அழுத்தக் கூடாது. ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சத் தூரம் போனதும் நிறுத்தித் தொட்டுப் பாருங்கள், சுட்டால் ஆறவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் கட்டாயம், தூள் வீடெல்லாம் பறக்கும்.

ஓரங்களில் மட்டும் வீலை நம்பாதீர்கள். கதவு விளிம்பு, காரின் தகட்டில் மடிப்பு வருகிற வரி, இங்கெல்லாம் பெயின்ட் மெல்லியதாகத்தான் படிந்திருக்கும். கிளியர் கோட்டே பொதுவாக 40, 50 மைக்ரோன் அளவுதான். நான் விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கடைசி அரை அங்குலத்தை டிரையரும் நகமுமாகவே முடித்தேன். பின்னால் இருந்த சின்னப் பெயர்த்தகட்டுக்கும் வீல் பாவிக்கவில்லை. சூடாக்கி, மீன் பிடிக்கிற தங்கூசி நூலை அதன் பின்னால் வைத்து இரண்டு கையாலும் அறுத்தால் அழகாகக் கழன்று வரும். தங்கூசிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு நிழலில் வைத்துத் துடைத்தேன், பிறகு ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவினேன். எண்ணெய்ப் பிடிப்பு இருந்தால் பொலிஷ் சரியாக ஏறாது.

இனி, எந்த வீலும் தீர்க்காத விஷயம். கோட்டுக்குக் கீழே 1998இன் பச்சை அப்படியே இருந்தது. ஆழமான, ஈரமான பச்சை. அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, மற்ற இடமெல்லாம் எவ்வளவு வெளிறிவிட்டது என்று கவலையாகவும் இருந்தது. ஸ்டிக்கர் மூடிய இடத்தில் இவ்வளவு காலமும் வெயில் படவில்லை, அவ்வளவுதான் காரணம். சுற்றியிருக்கிற பெயின்ட்டை கட் அண்ட் பொலிஷ் செய்து மேலே வெளிறிய படையை எடுத்தால் வித்தியாசம் குறையும். என் காரில் பாதிக்கு மேல் குறைந்தது. நேரே நின்று பார்த்தால் தெரியாது, பின்னேர வெயில் சரிவாக விழும்போது தெரியும். வெள்ளை, சில்வர் கார்களில் இந்தப் பிரச்சினை குறைவு, சிவப்பில்தான் மோசம். கராஜில் “தடமே தெரியாது” என்று வாக்குக் கொடுத்தால் எந்தக் கலருக்குச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

வீல் இரண்டு பக்கமும் முடித்து இன்னும் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. வான் பக்கவாட்டில் வருகிற பெரிய படங்களை எடுக்க இதை வாங்காதீர்கள், அவ்வளவு பரப்புக்கு வீல் சீக்கிரம் தேய்ந்துவிடும், டிரையர்தான் சரி. மோட்டார் சைக்கிள் டாங்கிக்கும் வேண்டாம். அதில் முழுக்க வளைவுதான், வீல் சமமாக உட்காராமல் ஒரே புள்ளியில் சுடும்.