நாலு கிழமை லீவில் மனவடுச் சிகிச்சை: யாழ்ப்பாணத்தில் எதை எதிர்பார்க்கலாம்

ஊருக்கு நாலு கிழமை லீவில் வருகிறவர்கள் பல்லுக் கட்டுவார்கள், கண்ணாடி மாற்றுவார்கள், முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். சிலர் அந்தப் பட்டியலில் மனவடுவுக்கான, அதாவது போர், விபத்து போன்ற கொடிய அனுபவம் மனதில் விட்ட காயத்துக்கான, உளச்சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். காரணம் விளங்கக்கூடியதுதான். ரொறன்ரோவிலோ லண்டனிலோ மொழிபெயர்ப்பாளரை நடுவில் இருத்திக்கொண்டு "நெஞ்சு பதைக்குது, ஒரே யோசனை, உடம்பெல்லாம் உளையுது" என்று சொன்னால் பாதிதான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். யாழ்ப்பாணத்தில் அதைக் கேட்பவருக்கு அகராதி தேவையில்லை. 95 இடப்பெயர்வு என்றாலும் பங்கர் என்றாலும் விளக்கம் கேட்கமாட்டார்.

ஆனால் பல்லுக்குப் போடுகிற கணக்கை இதற்குப் போடக்கூடாது. நாலு கிழமையில் முதற்கட்டத்தை ஒழுங்காகச் செய்யலாம், அவ்வளவுதான். கதை முழுவதையும் கொட்டிவிட்டு விமானம் ஏறுவது நல்ல யோசனையல்ல.

முதற்கட்டம் என்றால் என்ன? ஜூடித் ஹேர்மன் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1992இல் மனவடுச் சிகிச்சையை மூன்றாகப் பிரித்தார். முதலில் பாதுகாப்பும் உடம்பை நிலைப்படுத்தலும், அடுத்து நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுதல், கடைசியில் வாழ்க்கையோடு திரும்பச் சேருதல். எல்லோருக்கும் முதற்கட்டம் நீளமாக இருக்க வேண்டுமா என்பதில் துறைக்குள்ளேயே சண்டை உண்டு. ஒரேயொரு விபத்தால் வந்த பாதிப்புக்கு நேரடியாக இரண்டாம் கட்டத்துக்குப் போகலாம் என்பார்கள், அது சரியும்கூட. ஆனால் 87இல் ஒன்று, 95இல் ஒன்று, 2009இல் ஒன்று, பிறகு அகதிப் பயணத்தில் ஒன்று என்று அடுக்கி வைத்திருப்பவர் குறுகிய லீவில் இரண்டாம் கட்டத்தைத் தொடக்கூடாது என்பதில் அநேகமானோர் உடன்படுவார்கள்.

சேவைக்குப் போகிற வாசல்கள் மூன்று. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. கிளினிக் நாளை முதலே விசாரித்து, விடியவே போய்த் துண்டு எடுக்க வேண்டும். வெளிநாட்டில் எடுத்த மருத்துவக் கடிதம் இருந்தால் கையோடு கொண்டுபோனால் வேலை சுருங்கும். கிளினிக் நாளில் சனம் நிறைய. மருத்துவர் உங்களோடு கதைக்கிற நேரம் பத்து நிமிடமாக இருந்தாலே பெரிய விஷயம். அது சிகிச்சை அமர்வு அல்ல, நோய் நிர்ணயமும் மருந்தும் மட்டும். இதைத் தெரியாமல் போகிறவர்கள் "ஒண்டுமே கேக்கேல்ல, குளிசையை எழுதித் தந்திட்டினம்" என்று சலித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். அங்கே கேட்க வேண்டிய வசனம் இதுதான்: "பிரிவிலை இருக்கிற உளவளத்துணையாளரிட்டை என்னை அனுப்பி விடுவியளோ?" கேட்டால்தான் கிடைக்கும்.

இரண்டாவது வாசல் பிரதேச செயலகங்களில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர்களும், 1987இல் இருந்து யாழ்ப்பாணத்தில் இயங்கும் சாந்திகம் போன்ற அமைப்புகளும். இங்கே நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மூன்றாவது, மாலையில் தனியார் மருத்துவமனைகளில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி முன்பதிவு செய்து, பார்ப்பது. காசு கொடுத்தால் நேரம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வரிசை கொஞ்சம் குறையும், கதை பெரும்பாலும் மருந்தைப் பற்றித்தான் இருக்கும்.

பலகையைப் பார்த்து ஆளைத் தெரிவுசெய்வது சரிவராது. உளமருத்துவர் மருத்துவ சபையில் பதிவுபெற்றவர், அதைச் சரிபார்க்கலாம். 'உளவளத்துணையாளர்' என்ற பெயரோ ஆறு மாத டிப்ளோமாவுக்கும் பொருந்தும், இருபது வருட அனுபவத்துக்கும் பொருந்தும். எனவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மனவடுவுக்கு எந்த முறையில் பயிற்சி எடுத்தீர்கள்? உங்கள் வேலையை மேற்பார்வை செய்கிறவர் யார்? நான் கதை சொல்ல விரும்பாத நாளில் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விதான் உண்மையான சோதனை. "சொன்னால்தானே மாறும்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளிக்கிடலாம். ஏதாவது நடந்த கையோடு ஆட்களை இருத்தி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் பழைய முறை பயன்தருவதில்லை என்று தெரிந்தபிறகு உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஊரில் இன்னும் சிலர் அதை விட்டபாடில்லை.

நல்ல முதல் அமர்வு 50 நிமிடம் அளவில் போகும். உள்ளே போனவுடன் எங்கே இருக்க விருப்பம் என்று கேட்பார்கள். கதவைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று பலர் கேட்பதுண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு இரகசியம் பற்றிச் சொல்வார்கள்: இங்கே கதைப்பது வெளியே போகாது, ஆனால் உங்கள் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டிவரும். அடுத்து வருவது நித்திரை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், கெட்ட கனவு கிழமைக்கு எத்தனை நாள், எழும்பினால் திரும்ப நித்திரை வருமா? பிறகு குடி, சாப்பாடு, தைராய்டு, தலையில் அடிபட்டதா, ஷெல் விழுந்த நேரம் மயங்கினீர்களா. சாகிற எண்ணம் வந்ததா என்பதை நேராகவே கேட்பார்கள். கேட்டால் எண்ணம் கூடும் என்ற பயம் தேவையில்லை.

நடந்த சம்பவத்தைப் பற்றி இந்த முதல் நாளில் தலைப்பு மட்டும் போதும். "96இல் சுற்றிவளைப்பு, அண்ணாவைப் பிடிச்சவங்கள்" என்று ஒரு வரி. அதற்குமேல் நீங்களே கதைக்கத் தொடங்கினால்கூட, அனுபவசாலி கையைக் காட்டி மெல்ல நிற்பாட்டுவார். இது அக்கறையின்மை என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அன்றைக்கு ஆறுதலாகக் கொட்டிவிட்டு, இரவு முழுக்க நித்திரையில்லாமல் தவித்து, அடுத்த அமர்வுக்கு வராமலே விட்டவர்களைப் பார்த்துத்தான் அவர்கள் அந்தக் கையைக் காட்டப் பழகினார்கள்.

கேள்விப் படிவமும் தரலாம். பி.சி.எல்-5 என்பதில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80 புள்ளி. 31 அல்லது 33க்கு மேல் போனால் மனவடு நோய் இருக்கக்கூடும் என்று மேலும் பார்ப்பார்கள். அந்த எண்ணை முடிவாக எடுத்துக்கொள்ளக்கூடாது. படிவத்தில் பெருமூச்சுக்கு இடமில்லை, உடம்பு உளைவுக்கும் இல்லை. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் தன் துயரத்தைச் சொல்வது பெரும்பாலும் அந்த இரண்டினாலும்தான். படிவத்துக்கு வெளியே அதையும் சொல்லுங்கள்.

இரண்டாம், மூன்றாம் அமர்வுகளில் நிலைப்படுத்தும் பயிற்சிகள். ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க் காலத்திலேயே பிராணாயாமம், சாந்தி ஆசனம், ஜெபம் ஆகியவற்றைச் சிகிச்சையோடு சேர்த்து வைத்தார்கள். கோயிலில் பழகியதையே பயிற்சியாகச் செய்யலாம், புதிதாக நம்ப வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் பிழைக்கிற இடங்களும் இருக்கின்றன. கண்ணை மூடச் சொன்னால் சிலருக்கு இருட்டோடு பங்கரும் வந்துவிடும். அப்போது கண்ணைத் திறந்து சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி செய்ய வேண்டும். ஆழமாக, வேகமாக மூச்சை இழுத்தால் விரல் நுனி விறைத்து, தலை சுற்றி, "மாரடைப்பு வருது" என்று பயம் பிடிக்கும். மூக்கால் 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி மெல்ல விட்டால் போதும், நெஞ்சு நிறைய இழுக்கத் தேவையில்லை. காலை 5 நிமிடம், இரவு 5 நிமிடம். பயம் பிடித்தபிறகு தொடங்கினால் வேலை செய்யாது, சும்மா இருக்கும் நேரத்திலேயே பழகி வைத்திருக்க வேண்டும். பழைய காட்சி கண்முன் வந்தால் பாதத்தை நிலத்தில் அழுத்தி, அறையில் தெரியும் 5 பொருட்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, இன்றைய திகதியையும் சொல்வது இன்னொரு பயிற்சி. திகதியைச் சொல்வது அற்பமாகத் தெரியும், ஆனால் மூளைக்கு அப்போது தெரியாமல் போயிருப்பது அதுதான்.

இரண்டாம் கட்டத்தில் யாழ்ப்பாணத்தில் சந்திக்கக்கூடிய முறைகளில் ஒன்று கதைசொல்லும் வெளிப்படுத்தல் சிகிச்சை. அறையின் நடுவே ஒரு கயிறு. ஒரு முனை பிறந்த நாள், மறுமுனை சுருட்டியபடி கிடக்கும், அது இனி வரப்போகிற காலம். நல்ல நினைவுகளுக்குப் பூ, கெட்டதுக்குக் கல். முற்றத்துச் செவ்வரத்தையும் வாசல் சல்லியும் போதும். முதல் அமர்வில் கயிற்றை மட்டும் அடுக்கி முடிப்பார்கள், எந்தக் கல்லையும் திறப்பதில்லை. அடுத்த அமர்வுகளில் பிறப்பில் இருந்து வரிசையாகக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்து, கல்லில் நின்று, என்ன கண்டீர்கள், என்ன மணம், உடம்பில் எங்கே பதறியது, அப்போது என்ன நினைத்தீர்கள் என்று ஆறுதலாகப் போவார்கள். சொன்னதை எழுதி அடுத்தமுறை வாசித்துக் காட்டுவார்கள். அமர்வுக்கு 90 நிமிடம், மொத்தம் பெரும்பாலும் 4 முதல் 12. பயம் உச்சத்துக்குப் போய்த் தணியும்வரை அமர்வை முடிக்கக்கூடாது. உச்சத்தில் நிற்கும்போது "நேரம் முடிஞ்சுது" என்று எழும்பினால், இதை நினைத்தால் தாங்கமாட்டோம் என்ற பாடத்தைத்தான் மூளை திரும்பவும் படித்துக்கொள்ளும்.

இதையே சிறுவருக்கு ஏற்றபடி மாற்றி, 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 8 முதல் 14 வயதுவரையான 31 பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். முடிவு 2009இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குக் கதை, மறுபகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், இருவருக்கும் 6 அமர்வுகள். ஆறு மாதத்தின் பின் பார்த்தால் இரண்டு பக்கமும் நன்றாகத் தேறியிருந்தது. சிறிய ஆய்வு, அதுவும் பிள்ளைகளிடம், பெரியவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் "வெறும் மூச்சுப் பயிற்சிதானே" என்று முதற்கட்டத்தை இளக்காரமாகப் பார்க்கிறவர்களுக்கு இது நல்ல பதில்.

நாலு கிழமைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் கிழமை நித்திரை நேரம் மாறி, உறவினர் வீட்டு விருந்து. கடைசிக் கிழமை பொதி கட்டலும் விடைபெறலும். நடுவில் இரண்டு கிழமை, கிழமைக்கு இரண்டாகப் போனாலும் 4 அமர்வு. ஒன்று அறிமுகம், இரண்டு பயிற்சி, ஒன்று விடைபெறவும் கடிதத்துக்கும். கல்லுக்கு இடமேயில்லை. ஒரே சம்பவம், இரண்டு மாத லீவு, வீட்டில் ஆதரவு, மூன்றும் இருந்தால் கதை வேறு.

லீவு எந்த மாதம் என்பதும் முக்கியம். நல்லூர்த் திருவிழா 25 நாள், ஊர்க் கோயில்களின் வெடி எப்போது வெடிக்கும் என்று சொல்லமுடியாது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐயும் நவம்பர் 27ஐயும் ஒட்டி ஊரே கனத்துப்போயிருக்கும். அந்த நாட்களில் முதல் அமர்வைப் போடாதீர்கள். வேறு வழியில்லையென்றால் முதலிலேயே சொல்லி, பயிற்சிக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

வீட்டுக்காரர் விஷயம் தனி. கூட வந்த மாமி அறைக்குள்ளும் வருவா, நீங்கள் வாய் திறக்குமுன் அவவே பதில் சொல்லுவா. "மாமி, நீங்கள் வெளியிலை இருங்கோ, கடைசியிலை கூப்பிடுறம்" என்று உளவளத்துணையாளர் சொல்வதுதான் மரியாதையான வழி, முதல் நாளே அவரிடம் கேட்டுவையுங்கள். கிளினிக் கொப்பி உங்கள் கையோடு வீட்டுக்கு வரும், மேசையில் கிடந்தால் யாரும் வாசிக்கலாம். கொப்பியில் மருந்தை மட்டும் எழுதும்படி கேட்டுப்பார்ப்பதில் பிழையில்லை. "விசர் ஆஸ்பத்திரிக்குப் போனவன்" என்ற பெயருக்குப் பயந்து தெல்லிப்பளையைத் தவிர்த்து கொழும்புக்குப் போகிறவர்களும் உண்டு. சிலருக்கு அந்தத் தூரமே பாதுகாப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்தோடு நல்ல சிகிச்சையாளர் எப்படிக் கதைக்கிறார் என்பதை வினைச்சொல்லிலேயே கண்டுபிடிக்கலாம். தாய் "அவன் இருக்கிறான்" என்றால் அவரும் "இருக்கிறார்" என்பார். "இருந்தவர்" என்று மாற்றமாட்டார். கீரிமலைக்குப் போய், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்யுங்கள், மனம் ஆறும் என்று அறிவுரையும் சொல்லமாட்டார். செய்வதா விடுவதா என்பது அந்தத் தாய் எடுக்க வேண்டிய முடிவு.

மருந்து எடுப்பவர்கள் வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள். சேர்ட்ராலின் என்றால் இங்கும் விளங்கும். லீவு நாட்களோடு இன்னும் இரண்டு கிழமைக்கு மேலதிகமாக, மூலப் பெட்டியோடும் மருந்துச்சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். ஊர்க் காற்றில் மனம் தெளிந்துவிட்டது என்று குளிசையைச் சடுதியாக விடுவதும், மச்சான் தந்த நித்திரைக் குளிசையைச் சேர்த்துப் போடுவதும்தான் அடிக்கடி நடக்கிற இரண்டு பிழைகள். தாங்கமுடியாத இரவில் 1926 மனநல உதவி இலக்கம், 1333 ஆலோசனை இலக்கம், உயிராபத்தென்றால் 1990 அம்புலன்ஸ்.

திரும்பிப் போனபிறகு இணையவழி தொடரலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தொடரலாம், ஆனால் ஒரு நிபந்தனை: உங்களுக்கு அங்கே ஏதும் நடந்தால் யாழ்ப்பாணத்தில் இருப்பவரால் ரொறன்ரோ அம்புலன்ஸை அனுப்ப முடியாது. அங்கே வாழும் ஒருவரின் பெயரும் இலக்கமும் உங்கள் வீட்டு முகவரியும் அவரிடம் இருக்க வேண்டும். கோடையில் யாழ்ப்பாண மாலை 7 மணி லண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30. குளிர்காலத்தில் இரண்டும் ஒரு மணித்தியாலம் முந்தும். அங்கத்தைய சிகிச்சையாளரிடமே போகிறவர்கள் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள்: எத்தனை அமர்வு, எந்தப் பயிற்சி பிடித்தது, எது ஒத்துவரவில்லை, எந்தக் கல்லும் திறக்கப்படவில்லை. இங்கிலாந்தில் இருப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு பொது மருத்துவரிடம் போகாமலே தேசிய சுகாதார சேவையின் பேச்சுச் சிகிச்சைக்கு நேரடியாகப் பதியலாம். கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் குளிசைகளோடு கைப்பையில் வையுங்கள்.