மலநாட்டு மழையில் ஹேமக்கும் தார்ப்பாயும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு பேருந்தேறி, விடியற்காலையில் சிக்கமகளூரிலோ சக்லேஷ்பூரிலோ மடிக்கேரியிலோ இறங்கி மலையேறும் வழக்கமுள்ளவர்கள் பெரும்பாலும் கூடாரத்தைத்தான் சுமக்கிறார்கள். நான் சில ஆண்டுகளாகக் கூடாரத்துக்குப் பதிலாக, இரு மரங்களுக்கு நடுவே தூளிபோலக் கட்டிப் படுக்கும் துணிப் படுக்கையான ஹேமக்கையும் அதற்கு மேலே கட்டும் தார்ப்பாயையும் கொண்டு செல்கிறேன். மழை, பனி, கோடை என எல்லாப் பருவங்களிலும் அவற்றைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு ஒன்று உறுதியாகத் தெரிந்திருக்கிறது. கடையில் எல்லோரும் ஹேமக்கைத்தான் தொட்டுப் பார்த்து, நிறம் பார்த்து வாங்குகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இரவு தூங்குவோமா விழித்திருப்போமா என்பதை முடிவு செய்வதோ தார்ப்பாயும், முதுகுக்கு அடியில் போட்டிருக்கும் பொருளும்தான். கையிலுள்ள பணத்தையும் அந்த வரிசையிலேயே செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியான மலநாட்டில் சமதரை அரிது, மரங்கள் ஏராளம். காப்பித் தோட்டத்துச் சரிவில் கூடாரம் போடும் அளவுக்குச் சமமான இடம் தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்படி ஓர் இடம் கிடைத்தாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தண்ணீர் தேங்குவதும் அட்டை மொய்ப்பதும் அங்கேதான். ஹேமக்குக்குத் தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை. எடையில் பெரிய மிச்சம் உண்டு என்று சொல்ல மாட்டேன். ஹேமக், கொசுவலை, ஹேமக்கை மரத்தில் கட்டும் நாடாக்கள், தார்ப்பாய், முளைகள் எல்லாம் சேர்ந்து என்னிடம் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வருகின்றன. குளிருக்கான பொருட்களையும் சேர்த்தால் ஓர் எளிய கூடாரத்தின் எடையை நெருங்கிவிடும்.

எங்கே கட்டலாம் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். குத்ரேமுக் தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை. பகலில் ஏறி இறங்கி, முல்லோடி, சம்சே பக்கம் உள்ள ஹோம்ஸ்டேக்களில்தான் தங்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பிற காடுகளிலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் இரவு தங்க முடியாது. ஆகவே என் ஹேமக் பெரும்பாலும் தொங்கியது காப்பித் தோட்டங்களிலும் ஹோம்ஸ்டே வளாகங்களிலும்தான்.

ஹேமக்கைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது நீளத்தை மட்டுமே என்று சொன்னால் மிகையாகாது. விலை மலிவான ஹேமக்குகள் பல 2.7 மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. பூங்காவில் ஒரு மணி நேரம் சாய்ந்திருக்க அது போதும். இரவு முழுவதும் படுக்கப் போதாது. ஐந்தரை அடிக்கு மேல் உயரமுள்ளவர்களுக்கு 3.3 மீட்டர் நீளம் தேவை. காரணம், ஹேமக்கில் நீளவாக்கில் நேராகப் படுக்கக் கூடாது. தூளியில் கிடக்கும் குழந்தைக்கு முதுகு வளைந்திருப்பது சுகமாக இருக்கலாம், வளர்ந்தவர்களுக்கு விடிவதற்குள் இடுப்பு வலித்துவிடும். தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமுமாகத் தள்ளிக் குறுக்குச் சாய்வில் படுத்தால் துணி விரிந்து உடல் ஏறக்குறைய சமதளமாகிவிடுகிறது. குட்டையான ஹேமக்கில் அப்படிப் படுக்க இடமே இராது. முழங்காலுக்குப் பின்னால் துணி இறுகும், கால்மாட்டில் ஒரு மேடு எழும். ‘இருவருக்கானது’ என்று விற்கப்படும் அகலமான வகையை ஒருவர் பயன்படுத்துவதே சரி. இருவர் படுத்தால் நடுவில் உருண்டு மோதிக்கொள்வதுதான் மிச்சம். 70 டீனியர் (நூலின் தடிமன் அளவு) ரிப்ஸ்டாப் நைலான், அதாவது கிழிசல் பரவாதபடி கட்டம்கட்டமாக நெய்த நைலான், என் எடைக்கு நன்றாகத் தாங்கியிருக்கிறது. கொசுவலை ஹேமக்கோடு சேர்த்துத் தைக்கப்பட்டதா தனியானதா என்பது அவரவர் விருப்பம். நான் தனி வலையை வைத்திருக்கிறேன், கோடையில் உயரமான இடங்களுக்குப் போகும்போது அதை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்பதற்காக.

கட்டும் கோணத்துக்கு வருவோம். நாடா தரைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்பது ஹேமக் பயன்படுத்துவோர் எல்லோரும் சொல்லும் கணக்கு; அதற்குப் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. 30 டிகிரியில் ஒவ்வொரு பக்கத்து நாடாவும் தாங்கும் இழுவிசை படுத்திருப்பவரின் எடைக்குச் சமம். 75 கிலோ எடையுள்ள ஒருவர், துணி நன்றாக விறைப்பாக இருக்கட்டும் என்று 15 டிகிரியில் இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 145 கிலோ இழுவை விழும். 10 டிகிரியில் அது 215 கிலோவைத் தொடும். நாடாவுக்கும் அதை ஹேமக்கோடு இணைக்கும் உலோகக் கொக்கியான காரபினருக்கும் மரத்துக்கும் அது வீண் சுமை. போதாக்குறைக்கு, இறுக்கிக் கட்டிய ஹேமக்கின் இரு விளிம்புகளும் தோளை நெருக்கும். சாவிக்கொத்துக்கு விற்கும் அலுமினியக் கொக்கிகளை இந்த இடத்தில் மாட்டவே கூடாது.

நாடாவை எந்த உயரத்தில் கட்டுவது என்பதற்கு மனக்கணக்கு ஒன்று உண்டு. இரு மரங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதியை 0.58 ஆல் பெருக்கி, அதோடு உட்காரும் உயரமான 45 சென்டிமீட்டரைக் கூட்டினால் போதும். மரங்கள் 4.5 மீட்டர் இடைவெளியில் இருந்தால் நாடா 1.75 மீட்டர் உயரத்தில் வரும், அதாவது சராசரி உயரமுள்ளவரின் உச்சந்தலைக்குச் சற்று மேலே. ஒவ்வொரு முறையும் இதையெல்லாம் கணக்கிட விரும்பாதவர்கள் ஹேமக்கின் இரு முனைகளுக்கும் நடுவே நிலையான நீளத்தில் ஒரு முகட்டுக்கயிறு கட்டிவிடலாம். ஹேமக் நீளத்தில் 83 விழுக்காடு என்பது பலரும் பின்பற்றும் அளவு, 3.3 மீட்டர் ஹேமக்குக்கு ஏறக்குறைய 2.75 மீட்டர். மரங்களின் இடைவெளி முன்னே பின்னே இருந்தாலும் துணியின் தொய்வு மாறாமல் இருக்க இந்தக் கயிறு உதவுகிறது. கண்ணாடி, டார்ச், ஈரத் துண்டு எல்லாம் தொங்கவும் அதுவே இடம்.

நாடா குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் நாடா எடை விழும்போதும் நனையும்போதும் நீளும். மாலையில் இடுப்பளவில் கட்டியது நள்ளிரவில் தரையைத் தடவும். பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் கிலோ கணக்கில் கிடைக்கும் மெல்லிய கயிறு மலிவுதான், ஆனால் அது மரப்பட்டையை அறுத்துவிடுகிறது, அதைத் தோட்டக்காரர்கள் ஒருபோதும் மன்னிப்பதில்லை. காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்கள் நேராகவும் சீரான இடைவெளியிலும் நிற்பதால் ஹேமக்குக்கு என்றே நட்டதுபோலத் தோன்றும். நெருங்கிப் போய்ப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்டவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். கொடியின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் பொடிப்பொடியான வேர்கள் மரப்பட்டையைப் பற்றியிருக்கும். அதன் மேல் நாடாவைச் சுற்றி எடையை ஏற்றினால் வேர்கள் பெயர்ந்து கொடியே கழன்றுவிடும். சக்லேஷ்பூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தமிழ் பேசும் மேஸ்திரி ஒருவர், நான் கொடியில்லாத மரம் ஒன்றைக் கண்டுபிடித்து நாடாவை எடுத்தபோதும் தடுத்தார். “அதுவும் வேணாம் தம்பி, மேல பாருங்க, காஞ்ச கிளை நிக்குது. காத்தடிச்சா இந்த மரம் சொல்லிக்கிட்டு விழாது” என்றார். சில்வர் ஓக்கின் கிளைகள் காற்றில் எளிதில் முறிபவை. மரத்தின் அடியைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து பார்ப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பலா மரம் கிடைத்தால் மகிழ்ச்சி, காய்க்காத பருவமாக இருந்தால். தென்னையின் பக்கம் போவதே இல்லை.

தார்ப்பாய்தான் இந்த அமைப்பின் வீடு. ஹேமக்கின் முனைகளைத் தாண்டி இரு பக்கமும் குறைந்தது 15 சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும் என்பதால் 3.3 மீட்டர் ஹேமக்குக்கு முகட்டு நீளம் 3.6 மீட்டர் இருப்பது நல்லது. அகலம் 3 மீட்டர். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 3க்கு 3 மீட்டர் சதுரம். அதை மூலைக்கு மூலை குறுக்காகக் கட்டினால் முகட்டு நீளம் 4.2 மீட்டர் ஆகிவிடும், எடையும் கூடாது என்று பலர் பரிந்துரைப்பதுண்டு. மார்ச் மாதத்துக் கோடை மழைக்கு அது போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜூலையில் மலநாட்டு மழை மேலிருந்து மட்டுமா விழுகிறது? காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் வீசும். குறுக்காகக் கட்டிய சதுரத்தில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் துணி கூம்பாகக் குறுகிவிடுவதால் ஸ்லீப்பிங் பேக்கின் கால்பகுதி நனைந்துவிடும். மழைக்காலத்தில் போகிறவர்கள் செவ்வக வடிவமும், முனைகளைக் கதவுபோல் மடக்கிக் கட்டும் வசதியும் உள்ளதை வாங்குவது உத்தமம். நூறு, இருநூறு கிராம் கூடினால் கூடட்டும்.

துணியில் சில்நைலானும் (சிலிக்கோன் பூசிய நைலான்) சில்பாலியும் (சிலிக்கோன் பூசிய பாலியெஸ்டர்) பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு முதல் ஈர இரவிலேயே தெரிந்துவிடும். நைலான் நீரை உறிஞ்சி நீளும் தன்மையுடையது; மாலையில் வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டிய துணி இரவு பதினொரு மணிக்குத் தொய்ந்து, அந்தத் தொய்வில் தண்ணீர் கட்டும்; எழுந்து போய் மீண்டும் இழுக்க வேண்டும். பாலியெஸ்டர் அப்படி நீள்வதில்லை. நான் முதலில் வைத்திருந்தது சில்நைலான், இப்போது வைத்திருப்பது சில்பாலி. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. சில்நைலானே கையில் இருப்பவர்கள் பக்கக் கயிறுகளுக்கும் முளைகளுக்கும் இடையே ஒரு சாண் எலாஸ்டிக் கயிற்றைச் சேர்த்தால் தொய்வை அதுவே ஓரளவு இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சிலிக்கோன் பூசிய துணியில் தையலை மறைக்கும் டேப் ஒட்டாது. ஆகவே முகட்டுத் தையலில் நாமே சிலிக்கோன் பசையை மினரல் டர்பன்டைனில் கரைத்துத் தூரிகையால் பூச வேண்டும். அரை மணி நேர வேலை, ஒரு நாள் காய வேண்டும்.

கட்டும்போது முதலில் தார்ப்பாய், பிறகுதான் ஹேமக். மழையில் போய்ச் சேர்ந்தால் இந்த வரிசையின் அருமை தெரியும்: பையைத் திறப்பதற்கு முன்பே தலைக்கு மேல் கூரை வந்துவிடும். மரத்திலிருந்து மரத்துக்கு ஒரே கயிறாக ஓடவிட்டு, தளர்த்தினால் கயிற்றில் நகர்ந்து, இழுத்தால் இறுகிப் பிடிக்கும் இரண்டு புருசிக் முடிச்சுகளில் தார்ப்பாயை மாட்டினால், ஹேமக் எங்கே அமைகிறதோ அதற்கு நேராகத் தார்ப்பாயைத் தள்ளிக்கொள்ளலாம். நான் உட்கார்ந்து எழ இடம் விட்டு, ஹேமக்கின் முகட்டுக்கயிற்றுக்கு ஒரு சாண் மேலே கட்டுகிறேன். காற்று வரும் பக்கத்தை மட்டும் தரையோடு தாழ்த்திவிடுகிறேன். அதைவிட உயரத்தில் கட்டினால் படத்தில் அழகாக இருக்கும், சாரல் உள்ளே வரும். இன்னொன்று, மழைநீர் மரத்திலிருந்து நாடா வழியாகவே ஹேமக்குக்குள் இறங்கும். தார்ப்பாயின் நிழலுக்குள் வரும் இடத்தில் நாடாவில் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அந்த நூலைப் பிடித்துச் சொட்டிவிடும். மழை வலுக்கும்போது டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், நாடாவின் அடிப்பக்கத்தில் ஊர்ந்து வரும் நீர் அந்த நூலில் திரும்பி, நுனியில் விடாமல் சொட்டுவது தெரியும். அதற்கு அப்பால் ஒரு சாண் தூரத்திலேயே நாடா உலர்ந்திருக்கும்.

முளைகளைப் பொறுத்தவரை, கோடையில் செம்மண் இறுகிக் கல்லாகிவிடும், மழையில் சேறாகிவிடும். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பிகள் இரண்டுக்கும் உதவா. மூன்று விளிம்புள்ள நீண்ட அலுமினிய முளைகள் வைத்திருக்கிறேன். காப்பிச் செடியில் கயிறு கட்டும் ஆசை எவருக்கும் வரும். தோட்டக்காரர் பார்த்தால் அத்துடன் அந்தத் தோட்டத்துக்குப் போக்குவரத்து முடிந்தது.

குளிரைப் பற்றி இங்கே பலரும் பேசுவதில்லை, தென்னிந்தியாவில் என்ன குளிர் என்ற எண்ணம்தான் காரணம். ஹேமக்கின் அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதி உடல் எடையில் நசுங்கிவிடுவதால் அங்கே வெப்பம் நிற்பதில்லை. பெங்களூர் மொட்டை மாடியிலேகூட டிசம்பர் இரவில் முதுகு சில்லிடும். ஹேமக்கின் அடியில் மெத்தைபோலத் தொங்கவிடும் அண்டர்குயில்ட் மிகச் சிறந்த தீர்வு, விலையும் அதற்கேற்ப இருக்கிறது. ஃபோம் பாய் மலிவு. ஆனால் 50 சென்டிமீட்டர் அகலப் பாயில் தோள் இரண்டும் வெளியே நிற்கும். பழைய பாய் ஒன்றைத் துண்டாக வெட்டித் தோள் பகுதியில் குறுக்கே வைத்தால் அந்தக் குறை தீரும். பாய் வழுக்கிக்கொண்டு போவதுதான் பெரிய தொல்லை. இரட்டை அடுக்குத் துணியுள்ள ஹேமக்கில் பாயை அடுக்குகளுக்கு நடுவே செருகிவிடலாம் என்பதால், பாயை நம்பியிருப்பவர்களுக்கு எடை கூடினாலும் அந்த வகையையே சொல்வேன்.

நீடித்து உழைப்பதைப் பொறுத்தவரை ஹேமக் துணி இன்னும் நன்றாகவே இருக்கிறது. வெயிலில் மணிக்கணக்கில் தொங்கவிடாததும் அதற்கு ஒரு காரணம். புற ஊதாக் கதிர் நைலானின் வலுவைக் குறைத்துவிடும். கொசுவலையின் ஜிப்தான் முதலில் மக்கர் செய்தது. நாடாக்களில் தையல் பிரிகிறதா என்று ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் விரலால் தடவிப் பார்க்கிறேன். ஈரத் தார்ப்பாயைப் பையிலேயே விட்டுவைக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். ஊர் திரும்பிய அன்றே பால்கனியில் நிழலில் விரித்துவிடுகிறேன். பாலியூரிதேன் பூச்சுள்ள தார்ப்பாய்கள் ஈரப்பதத்தில் கிடந்தால் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து நாற்றமடிக்கத் தொடங்கும், அதற்குப் பிறகு அவற்றைக் காப்பாற்ற முடியாது.

புல்வெளி உச்சிகளில் ஹேமக்கால் பயனில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் சோலைக்காடு பள்ளங்களில் மட்டும் நிற்கும், மேடெல்லாம் புல்தான். கட்ட மரமில்லை, காற்றுக்குத் தடையுமில்லை. கோலார் அருகே அந்தரகங்கே போன்ற பாறைக் குன்றுகளுக்கும் இதுவே பொருந்தும். அப்படிப்பட்ட இடத்தில் தங்க அனுமதி கிடைக்கும் நாட்களிலும், மனைவியும் உடன் வரும் நாட்களிலும் நான் கூடாரத்தையே எடுத்துப் போகிறேன். தார்ப்பாய் மட்டும் அப்போதும் பையில் இருக்கும், கூடார வாசலில் கட்டிச் சமைப்பதற்கு.